பட்டாள மெடல் பழசா, போன மாதம் செய்ததா? பட்டறையில் பார்க்கும் முறை

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கம் ஒரு பித்தளைச் சாமானைத் திண்ணையில் போட்டு வைத்தால் ஒரு மழைக்காலம் போதும், பச்சைக் களிம்பு ஏறிவிடும். உப்புக் காற்று அப்படி. அதனால் நம் கடற்கரையில் பட்டாள பேட்ஜோ மெடலோ வாங்குகிறவர்கள் முதலில் விட வேண்டியது, "பார்த்தாலே பழசுன்னு தெரியுதே" என்ற பேச்சைத்தான். பழசாகத் தெரிய வைக்க இங்கே ஒரு ரூபாய் செலவில்லை. களிம்பைப் பார்க்காதீர்கள். சாமான் எப்படிச் செய்யப்பட்டது என்று பாருங்கள். செய்முறை விட்ட தடத்தை எந்தக் காற்றாலும் உண்டாக்க முடியாது.

நான் ராமநாதபுரத்தில் நகைப் பட்டறை வைத்திருக்கிறவன். அப்பா காலத்தில் டை என்கிற எஃகு அச்சும் சுத்தியலும் ஊதுகுழலும்தான் தொழில். இப்போது ஒரு ஜோடிக் கம்மல் வேண்டுமென்றால் கம்ப்யூட்டரில் வரைந்து, 3டி பிரிண்டரில் பிசினால் ஒரு மாதிரி உருவம் எடுத்து, கோயம்புத்தூரில் வார்த்து வாங்கிவிடுகிறோம். அதே கம்ப்யூட்டர், அதே பிரிண்டர், அதே வார்ப்புதான் இன்று முதல் உலகப்போர் மெடலையும் செய்கிறது. தினமும் என் கையில் புழங்குகிற எந்திர வேலை என்பதால் அதன் தடம் எனக்குப் பழக்கம்.

இது ஏன் முக்கியம் என்றால், பர்மாவுக்கும் மலேயாவுக்கும் பிழைக்கப் போன குடும்பங்கள் இந்தக் கரையில் ஏராளம். 1942இல் சிங்கப்பூரில் உருவாகி, 1943இல் நேதாஜி பொறுப்பேற்ற இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) மலேயாத் தமிழர்கள் பெருமளவில் சேர்ந்தார்கள். இன்னொரு பக்கம் மதராஸ் ரெஜிமென்ட், மதராஸ் சாப்பர்ஸ் (பாலம், சாலை போடும் பொறியாளர் படை) என்று பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் இருந்தவர்கள். தாத்தாவின் பெட்டியில் ஒன்றும் மிஞ்சவில்லை, அவர் போட்டிருந்த மாதிரி ஒன்றாவது வீட்டில் இருக்கட்டும் என்று பேரன்மார் தேடுகிறார்கள். அந்த ஆசையில்தான் போலிக்காரன் கை வைக்கிறான். காசு போவது ஒரு பக்கம். ஒரு குடும்பத்தின் சாமி அறையில் பொய் உட்கார்ந்துவிடுகிறதே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். தேவையான சாமான்கள்: நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ், அளவெடுக்கும் டிஜிட்டல் வெர்னியர், 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு, ஒரு காந்தம், நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கு. எல்லாம் சேர்த்தாலும் ஒரு போலி மெடலின் விலைக்குள் முடிந்துவிடும்.

முதலில் ஓரம். முகத்தைப் பார்க்காதீர்கள், போலிக்காரன் தன் உழைப்பையெல்லாம் முகத்தில்தான் கொட்டியிருப்பான். பழைய தொப்பி பேட்ஜ்கள் தகட்டில் டை அடித்து, பிறகு பஞ்ச் போட்டு வெட்டி எடுத்தவை. அப்படி வெட்டிய ஓரத்தை லென்ஸில் பார்த்தால் இரண்டு பட்டை தெரியும். ஒன்று வழுவழுவென்று வெட்டுப்பட்டது, அடுத்தது சொரசொரவென்று கிழிபட்டது. கத்தரிபட்ட உலோகம் அப்படித்தான் நிற்கும். லேசரில் வெட்டியது என்றால் மேலிருந்து கீழ்வரை ஒரே இடைவெளியில் மெல்லிய கோடுகள், சில சமயம் கருகலும் இருக்கும். வார்த்தது என்றால் அச்சின் இரு பாதி சேரும் இடத்தில் ஒரு விளிம்பு பிதுங்கும். அதை மறைக்க ஓரம் முழுக்க அரம் போட்டிருப்பார்கள். அசலிலும் அங்கங்கே அரம் பட்டிருக்கலாம். ஆனால் வெட்டு ஓரம் எங்காவது மிச்சம் இருக்கும். ஒரு இடத்தில்கூட இல்லை, சுற்றிலும் அரத் தடம்தான் என்றால் எனக்கு அப்போதே சந்தேகம் வந்துவிடும்.

அடுத்தது முதுகு. தகட்டில் அடித்த பேட்ஜில் முன்னால் புடைத்தது பின்னால் குழிந்திருக்கும். மதராஸ் ரெஜிமென்ட் யானை முன்பக்கம் எழும்பி நின்றால், பின்னால் அதன் வயிறும் துதிக்கையும் பள்ளமாகத் தெரிய வேண்டும். பின்பக்கம் கட்டியாக, தட்டையாக, மணல் பட்டது போலப் பொடிப்பொடிக் குழிகளோடு இருந்தால் அது ரப்பர் அச்சிலோ மெழுகிலோ வார்த்தது. (இரண்டு பக்கமும் உருவம் உள்ள கனமான மெடல்களுக்கு இது பொருந்தாது, அவை இரண்டு டைகளுக்கு நடுவே அடித்தவை.) பேட்ஜை மாட்டுவதற்குப் பின்னால் உள்ள வளையக் காதுகளையும் பாருங்கள். பழைய வேலையில் செம்புக் கம்பிக் காதை நல்ல சூட்டில் பற்றவைத்திருப்பார்கள். பற்று மெல்லிய கோடாக ஓடி இறங்கியிருக்கும். போலியில் சாம்பல் நிற ஈயம் திரண்டு நிற்கும், அல்லது பசை. ஊதா விளக்கில் பசை பெரும்பாலும் வெளிறிப் பளிச்சிடும். அதைப் பார்த்துவிட்டால் பிறகு பேச்சே வேண்டாம்.

இப்போது வருகிற போலிகளில் இந்தப் பழைய அடையாளங்கள் குறைந்துகொண்டே வருகின்றன. அதனால் புதிய எந்திரங்களின் தடத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

3டி பிரிண்டர் எந்த உருவத்தையும் அடுக்கடுக்காகத்தான் கட்டும். சரிவான இடத்தில் அந்த அடுக்குகள் படிப்படியாகத் தெரியும், அலை இறங்கிய பிறகு மணலில் நிற்கும் வரிகளைப் போல. அந்த மாதிரியை வைத்து வார்க்கும்போது வரிகளும் உலோகத்துக்கு வந்துவிடும். மேடான இடங்களில் பாலிஷ் போட்டு அழித்துவிடுவார்கள். பள்ளத்துக்குள் பாலிஷ் துணி போகாது. முதல் போருக்குக் கொடுத்த பிரிட்டிஷ் வார் மெடலின் பின்பக்கம் குதிரைமேல் ஒரு வீரர் இருப்பார், 1914, 1918 என்று வருடங்கள் இருக்கும். அந்தக் குதிரையின் வயிற்றுக்கும் காலுக்கும் இடையில் உள்ள மூலையில், விளக்கைச் சாய்த்துப் பிடித்து, லென்ஸை வைத்துப் பாருங்கள். வரி இருந்தால் கதை முடிந்தது. 1919இல் யாரும் பிரிண்டர் வைத்து மெடல் செய்யவில்லை.

சி.என்.சி. என்கிற, கம்ப்யூட்டர் ஓட்டும் வெட்டு எந்திரத்தில் டை வெட்டி, அசல் போலவே அடித்து எடுப்பது இன்னும் கெட்டிக்கார வேலை. இதில் ஓரம், முதுகு எல்லாம் சரியாக வரும். ஆனால் சுழலும் வெட்டுளிக்கு ஒரு தடிமன் உண்டு. அதனால் உள்மூலைகள் கூர்மையாக வராது. எழுத்துகளின் உள்முனைகள், இலைகளின் இடுக்குகள் எல்லாம் ஒரே அளவில் உருண்டு நிற்கும். கையால் உளி பிடித்து வெட்டிய பழைய டையில் ஒரு மூலை கூர், ஒரு மூலை மழுங்கல் என்று ஆள் வேலையின் மாறுதல் இருக்கும். சமதளத்தில் பக்கத்துப் பக்கத்தில் ஓடும் நுண்ணிய உளித்தடம் தெரிந்தாலும் அது எந்திர வேலைதான்.

அளவையும் எடுங்கள். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும். அசலை வைத்து அச்செடுத்து வார்த்தால் நகல் நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்கு சிறுத்துவிடும். பிரிட்டிஷ் வார் மெடலும் விக்டரி மெடலும் 36 மில்லிமீட்டர் விட்டம். 35.5 காட்டினால் கவனம். ஆனால் 36 காட்டினால் அசல் என்று முடிவு கட்டாதீர்கள். கம்ப்யூட்டரில் சுருக்கத்தைக் கணக்குப் போட்டு மாதிரியை முன்கூட்டியே பெரிதாக்கிக்கொள்ளலாம். நாங்கள் மோதிர அளவுக்குத் தினமும் செய்கிற வேலைதான் அது. விட்டத்தை நாலைந்து திசையில் அளந்து பாருங்கள். விளிம்பில் இருந்த பழைய பெயரை ராவி எடுத்துவிட்டு வேறு பெயர் போட்ட மெடல் என்றால் ஒரு திசையில் குறைந்து காட்டும்.

பெயர் என்றதும் எழுத்துக்கு வருகிறேன். முதல் போர் மெடல்களில் விளிம்பில் வீரரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு குத்தியிருக்கும். எழுத்து அச்சை அழுத்திக் குத்தினால் உலோகம் பக்கவாட்டில் ஒதுங்கும், எழுத்தின் ஓரம் இம்மியளவு எழும்பும், ஒரு எழுத்து ஆழமாகவும் அடுத்தது லேசாகவும் விழும். லேசர் எழுத்தில் ஆழம் ஒரே சீர், அடிப்பாகம் புள்ளிபுள்ளியாக வெந்த மாதிரி. நகத்தால் தடவினாலே வித்தியாசம் புரியும். இரண்டாம் போரின் பர்மா ஸ்டார் போன்ற நட்சத்திரங்களை பிரிட்டிஷ்காரர்களுக்குப் பெயர் இல்லாமலேதான் கொடுத்தார்கள். இந்தியப் படையினருக்குக் கொடுத்தவற்றில் பின்பக்கம் பெயர் குத்தினார்கள். அதனால் வெறும் முதுகோடு இருக்கும் ஒரு பர்மா ஸ்டாரைக் காட்டி "இது தொண்டிக்காரர் ஒருவருக்குக் கொடுத்தது" என்று யாராவது சொன்னால், அந்த ஸ்டார் அசலாகவே இருந்தாலும் அந்தக் கதையை நம்ப வழியில்லை. அப்படி வெறும் முதுகில் புதிதாகப் பெயர் பொறித்து விலை ஏற்றுவதும் நடக்கிறது.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. எந்திரத்தால் ஏமாற்ற முடியாதது உலோகத்தின் அடர்த்தி.

ரிப்பனைக் கழற்றிவிட்டு மெடலை முதலில் தராசில் எடை போடுங்கள். பிறகு ஒரு டம்ளரில் முக்கால்வாசி தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து எண்ணைச் சைபராக்குங்கள். மெடலை மெல்லிய நூலில் கட்டி, தண்ணீருக்குள் முழுதும் முங்கும்படி, ஆனால் அடியிலோ பக்கத்திலோ தொடாதபடி, கையில் பிடித்துத் தொங்கவிடுங்கள். தராசு ஒரு எண் காட்டும். முதல் எடையை இந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி. உதாரணத்துக்கு, 31.00 கிராம் மெடல் தண்ணீரில் 3.00 காட்டினால் 10.33. பிரிட்டிஷ் வார் மெடல் ஸ்டெர்லிங் வெள்ளி, நம் பேச்சில் 92.5 டச், அதாவது நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி. அதற்கு 10.3 ஒட்டித்தான் வர வேண்டும். செம்பு நிக்கல் கலவைக்கு வெள்ளி முலாம் போட்டது என்றால் 8.9 பக்கம் வரும். பித்தளை 8.4 முதல் 8.7. மலிவான துத்தநாக வார்ப்பு 6.7தான். அதே உருவத்தைத் துத்தநாகத்தில் செய்தால் 31 கிராம் இருக்க வேண்டியது 20 கிராமில் நின்றுவிடும். பழகிய கைக்கு எடுத்தவுடனேயே தெரியும்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நம் ஊர்க் கிணற்றிலும் போர்வெல்லிலும் வருவது பல இடங்களில் உப்புத் தண்ணீர். கடல்நீர் அளவுக்கு உப்பு இருந்தால் 10.3 வர வேண்டியது 10.05 என்று வந்து உங்களைக் குழப்பும். கேன் தண்ணீரே ஊற்றுங்கள். எழுத்து இடுக்கில் காற்றுக் குமிழ் ஒட்டியிருந்தாலும் கணக்கு கெடும். ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டால் குமிழ் விலகும். முடிந்ததும் உடனே துடைத்துக் காய வைத்துவிடுங்கள். எனாமல் விரிசல் விட்டதையும், அரக்கு ஏறியதையும், துணி தைத்ததையும் முக்க வேண்டாம்.

இந்தச் சோதனைக்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. முதல் போரில் இந்தியத் தொழிலாளர் படையில் போனவர்களுக்கு அதே பிரிட்டிஷ் வார் மெடலை வெண்கலத்தில் கொடுத்தார்கள். வெள்ளி இல்லை என்பதற்காக அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். துப்பாக்கி தூக்காமல் மண்வெட்டி தூக்கியவரின் மெடல் அது, என் கண்ணில் அதற்கு மதிப்பு கூடுதல்தான்.

ஊரில் நகைக்கடையில் டச் பார்க்கும் எந்திரம் இருக்கும். உரசாமல், எக்ஸ்ரே கதிரை விட்டு எத்தனை பங்கு வெள்ளி, செம்பு, துத்தநாகம் என்று சொல்லிவிடும். நல்லதுதான். ஆனால் அது மேல்தோலைத்தான் படிக்கும். கெட்டியான முலாம் போட்ட சாமானை வைத்தால் முலாமையே படித்துச் சொல்லும். தேய்ந்த மேட்டிலோ ஓரத்திலோ வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உரைகல்லில் உரச மட்டும் யாரையும் விடாதீர்கள். அசலாக இருந்தால் காலத்துக்கும் காயம். காந்தம் ஒட்டுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். பித்தளை முலாம் போட்ட இரும்பு இந்தக் காற்றில் பச்சை பிடிக்காது, காவி நிறத் துருதான் வரும். துத்தநாகத்தில் வெள்ளைப் பொடி.

துணி பேட்ஜ்களைப் பற்றி எனக்குத் தையல்காரர் அளவுக்குத் தெரியாது என்பதால் சுருக்கமாக. பின்பக்கத்தைப் புரட்டுங்கள். கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரியில் தையல் அடர்த்தி எங்கும் ஒரே சீர், பின்னால் வெள்ளை பாபின் நூல், விறைப்பான ஒட்டுத்துணி. தனியாகத் தொங்கும் ஒரு இழையை எடுத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாகும், கம்பளியோ பட்டோ முடி கருகிய வாடை அடிக்கும், பாலியஸ்டர் உருகி மணியாகச் சுருண்டுவிடும். இரண்டாம் போர்க்காலத்து பேட்ஜில் பாலியஸ்டருக்கு இடமே இல்லை. ஊதா விளக்கில் பளீரென்று நீலவெள்ளையாக மின்னினால் சந்தேகப்படலாம். ஆனால் பாட்டி அதை வாஷிங் பவுடரில் துவைத்திருந்தாலும் அப்படி மின்னும், அதனால் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கருவி எதுவும் இல்லாமல், கடையில் நின்றபடியே பார்க்கக்கூடியது கிரீடம். 1901 முதல் 1952 வரை ராஜாக்கள் காலம். கிரீடத்தின் வளைவுகள் மேலே குவிந்து உருண்டிருக்கும். ராணி எலிசபெத் காலத்தில் வந்த கிரீடம் நடுவில் பள்ளம் விழுந்தது. இந்தியா 1950 ஜனவரி 26 அன்று குடியரசானதும் நம் படைகளில் கிரீடம் போய் அசோகச் சிங்கம் வந்துவிட்டது. எனவே நடுப்பள்ளம் விழுந்த கிரீடத்தோடு ஒரு இந்தியப் படை பேட்ஜைக் காட்டி "இரண்டாம் உலகப்போர் சாமான்" என்றால் அது நடக்காத காரியம். விக்டோரியா காலத்தது என்றால் மட்டும் பள்ளம் இருக்கலாம். ஆனால் அது 1901க்கு முந்தையது, அந்தப் பழமை மற்ற எல்லாத் தடங்களிலும் தெரிய வேண்டும்.

ஆன்லைனில் வாங்குகிறவர்களுக்கு இது உதவும். ஒரே பேட்ஜ் இரண்டு மூன்று இடத்தில் விற்பனைக்கு வந்தால் படங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யானையின் காதில் ஒரு கீறல், அதே கீறல் அதே நீளத்தில் இன்னொன்றிலும் இருக்கிறதா? இரண்டும் ஒரே ரப்பர் அச்சில் பிறந்தவை. டையில் விழுந்த விரிசல் எல்லா அசலிலும் வரும், அது வேறு. ஆனால் கீழே விழுந்து பட்ட காயம் இரண்டு சாமானில் ஒரே மாதிரி வராது. ஓரத்தையும் முதுகையும் சாய்ந்த வெளிச்சத்தில் படம் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள்.

விற்கிறவர்கள் சொல்லும் கதைகளில் இங்கே அதிகம் ஓடுவது தனுஷ்கோடிக் கதை. 1964 டிசம்பர் புயலில் ஊரே போனது, ரயில் போனது, அந்த மணலுக்கு அடியிலிருந்து கிடைத்தது என்பார்கள். போரின்போது அந்தத் துறைமுகம் வழியாகத் தலைமன்னாருக்கு கப்பல் ஓடியது உண்மைதான், பட்டாளத்துச் சாமான் விழுந்து கிடக்க வாய்ப்பும் உண்டு. ஆனால் அத்தனை வருடம் உப்பு மணலில் கிடந்த பித்தளை எப்படி இருக்கும்? துத்தநாகம் கரைந்து வெளியேறி, அங்கங்கே செம்பு நிறத்தில் இளஞ்சிவப்பாகத் திட்டு விழுந்திருக்கும். குழி ஒரு இடத்தில் ஆழம், ஒரு இடத்தில் இல்லை. ஓரம் அரித்துப் போயிருக்கும். முகம் முழுக்க ஒரே சீராகப் பச்சை பூசி, எழுத்து மட்டும் கூராக நிற்கிறது என்றால் உப்பும் வினிகரும் செய்த வேலை. தங்கச்சிமடத்துத் தம்பி ஒருவர் அப்படி ஒன்றைக் கொண்டுவந்து, "அண்ணே, மணல் கூட ஒட்டியிருக்கு பாருங்க" என்றார். லென்ஸில் பார்த்தால் மணல் பசையில் ஒட்டியிருந்தது. அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

ஐ.என்.ஏ. பேட்ஜ், ஆசாத் ஹிந்த் மெடல் என்று வந்தால் இன்னும் கடுமையாக இருங்கள். உண்மையானவை மிக அரிது, கேட்பவர்களோ நிறைய. மேலே சொன்ன சோதனை ஒன்றிலாவது தோற்றால் விட்டுவிடுங்கள். எல்லாவற்றிலும் தேறினாலும் யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று காகிதத்தோடு சொல்ல முடியாவிட்டால் அசல் விலை கொடுக்காதீர்கள். எந்த மெடலுக்கும் காகிதம்தான் முதல் சாட்சி. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் அவருக்குக் கிடைத்த மெடல்கள் எழுதப்பட்டிருக்கும். பென்ஷன் தாள், பழைய கடிதம், போட்டோ எல்லாம் உதவும். போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயரும் எண்ணும் தேடலாம்.

கள்ளத்தனம் இல்லாத நகல்களும் உண்டு, அவற்றைத் திட்டாதீர்கள். பட்டாளத்துக்காரர்கள் மெடலைத் தொலைத்துவிட்டால் கன்டோன்மென்ட் பக்கத்துத் தையல் கடையில் இன்னொன்று வாங்கிச் சட்டையில் குத்திக்கொள்வது நெடுநாள் வழக்கம். போர்க்காலத்தில் பஜாரில் உள்ளூர் ஆசாரிகள் வெட்டிக் கொடுத்த கரடுமுரடான பேட்ஜ்களும் இருக்கின்றன. உலோகத் தட்டுப்பாட்டில் பிரிட்டனில் பிளாஸ்டிக்கில்கூட பேட்ஜ் செய்தார்கள். தாத்தா பெட்டியிலிருந்து வந்தது என்று உறுதியாகத் தெரிந்தால், அது தையல் கடை நகலாக இருந்தாலும் அவர் நெஞ்சில் இருந்ததுதான்.

இரண்டு சட்ட விஷயம். நூறு வருடம் தாண்டிய வரலாற்றுச் சாமான் 1972ஆம் வருடத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும், வெளிநாட்டுக்கு அனுப்பி விற்காதீர்கள். முதல் போர் மெடல்களுக்கு இப்போது அந்த வயது ஆகிவிட்டது. பட்டாளத்துக்காரர் என்று பிறர் நம்பும்படி பேட்ஜ் குத்திக்கொண்டு திரிவது குற்றம். உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத்தளம், மண்டபத்தில் கடலோரக் காவல்படை என்று இருக்கிற ஊர் நம்முடையது. இன்று பணியில் இருப்பவர்கள் அணியும் பேட்ஜ்களைச் சேகரிப்புக்குக்கூட வாங்க வேண்டாம்.

போலி என்று உறுதியானதைத் திரும்ப விற்றுவிடாதீர்கள். என்னிடம் கொண்டுவந்தால் பின்பக்கத்தில் ‘நகல்’ என்று ஆழமாகக் குத்திக் கொடுக்கிறேன், கூலி வாங்குவதில்லை. உங்கள் ஊர்ப் பட்டறையிலும் சொன்னால் செய்வார்கள். அசல் என்றால் புளி, எலுமிச்சை, பாலிஷ் எதுவும் போடாதீர்கள். மென்மையான பருத்தித் துணியால் துடைத்து, அமிலம் இல்லாத காகிதத்தில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு, இறுக்க மூடும் டப்பாவில் வையுங்கள். பி.வி.சி. கவர் வேண்டாம், அது பித்தளையை அரிக்கும். ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் ஒருமுறை திறந்து பொட்டலத்தை மாற்றுங்கள். வெளிர்பச்சைப் பொடி எங்காவது உதிர்ந்திருந்தால் அந்த ஒன்றை மட்டும் உடனே தனி டப்பாவுக்கு எடுத்துவிடுங்கள்.